கண் பட்டும் கண்ணில் படாதவை

2014 பிப்ரவரி 21ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஓர் அப்டேட் அனுப்பியது. அதற்குக் காரணம் ஒரே ஒரு வரி. தப்பான வரிகூட இல்லை. ஒரு தடவை வரவேண்டியது இரண்டு தடவை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

போனில் ஒரு வங்கியின் தளத்தைத் திறக்கிறோம். மறுமுனையில் இருப்பது அந்த வங்கிதானா, வங்கி வேடம் போட்ட வேறு யாராவதா என்று போன் நமக்காக விசாரித்துக்கொள்ளும். அந்த விசாரணையைச் செய்யும் நிரலில் சோதனைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே, சற்று உள்ளே தள்ளி, 'கோ டு ஃபெயில்' என்று ஒரு வரி. சோதனையில் தோற்றால் மிச்சத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போ என்று பொருள். ஓரிடத்தில் மட்டும் அந்த வரிக்கு அடியிலேயே அதே வரி மறுபடியும் இருந்தது. மேலே இருப்பது சோதனைக்குக் கட்டுப்பட்டது. அடியில் இருப்பது எதற்கும் கட்டுப்பட்டதல்ல. சோதனையில் ஜெயித்து வந்தவனையும் அது பிடித்துக் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவிடும். அதனால் இன்னும் கீழே இருந்த, எல்லாவற்றிலும் முக்கியமான கையெழுத்துச் சோதனை நடக்கவே இல்லை. அதுவரை கோளாறு எதுவும் பதிவாகாததால் 'எல்லாம் சரி' என்ற பதிலோடு நிரல் முடிந்துவிடும்.

கொடுமை என்னவென்றால், இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி, ஒன்றின்கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. ஒளிந்துகொள்ளவே இல்லை. செய்தி வெளியானதும் உலகமெங்கும் நிரலாளர்கள் கேட்ட கேள்வி, 'இதை எப்படிப் பார்க்காமல் விட்டார்கள்?'

எனக்கு அந்தக் கேள்வியில் ஒரு சந்தேகம் உண்டு. பார்க்காமல் விட்டார்களா, பார்த்தும் விட்டார்களா? இரண்டும் வேறு வேறு குற்றங்கள். முதலாவதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கலாம். இரண்டாவதற்கு என்ன பெயர் வைப்பது? நிரலாளரின் கண்ணுக்கு எதிரே கேமராவை வைத்து, எந்த வரியில் எத்தனை நேரம் பார்வை நின்றது, அங்கிருந்து எங்கே தாவியது என்று அளந்து பார்க்கும் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூட்டம் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றுகொண்டிருக்கிறது.

நான் பதினோரு ஆண்டுகள் நிரல் எழுதிச் சம்பளம் வாங்கியவன். எழுதியதைவிட அடுத்தவர் எழுதியதைப் படித்த நேரம்தான் அதிகம். இந்தத் தொழிலில் அதற்குக் 'கோட் ரிவ்யூ' என்று பெயர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, சரி என்று சொன்னால்தான் அது உள்ளே போகும். 1976இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் இதை ஒரு முறையாக வகுத்து எழுதியபோது, ஆளுக்கொரு பொறுப்போடு நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கும் கூட்டமாக அது இருந்தது. இப்போது திரையில் நடக்கிறது. நீக்கிய வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானூறு வரி மாற்றம் ஒன்று வந்து நிற்கும். எழுதியவர் அதற்குள் இரண்டு தடவை 'அண்ணா, பார்த்தாச்சா?' என்று கேட்டிருப்பார். சுட்டெலியின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே கீழே போய், 'எல்.ஜி.டி.எம்.' என்று நாலு எழுத்து தட்டிவிடுவோம். 'பார்த்தேன், நன்றாயிருக்கிறது' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சுருக்கம் அது. பார்த்தேன் என்பது பொய்யில்லை. கண் திரையில்தான் இருந்தது.

கண்ணைப் பற்றிய முதல் அதிர்ச்சி 1879இல் பாரிஸிலிருந்து வந்தது. லூயி எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கண்டுபிடிப்பு அது. வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தவளை மாதிரி தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் கால் நொடி நிற்கும், பிறகு தாவும், மறுபடி நிற்கும். பார்ப்பதெல்லாம் நிற்கும்போதுதான். தாவும்போது ஏறத்தாழக் குருடு. நிற்கும்போதும் கூர்மையாகத் தெரிவது மிகச் சிறிய வட்டம்தான். கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான் நம் கூர்பார்வையின் பரப்பு. மிச்சத்தை மூளை தோராயமாக நிரப்பிக்கொள்கிறது. பத்துத் தாவலுக்கு ஒன்றாவது பின்னோக்கியும் போகும்.

இதை அளக்க முதலில் வந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹ்யூயி, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில், நடுவில் துளையிட்ட சிறு கிண்ணத்தைப் பாரிஸ் சாந்தில் வார்த்து, அதை மரத்துப்போகச் செய்த கண்மணியின்மேல் ஒட்டி, அதிலிருந்து நீளும் மெல்லிய கோலால் கண்ணின் அசைவைப் பதிவுசெய்தார். கண்ணுக்குள் தூசி விழுந்தாலே ஊரைக் கூட்டும் நமக்கு நினைத்தாலே கண் கரிக்கிறது. இன்று அந்த வம்பே இல்லை. திரைக்குக் கீழே ஒரு பட்டை, அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், ஒரு கேமரா. கருமணியின் மையத்தையும், கண்ணின் ஈரப் பரப்பில் மினுங்கும் விளக்கின் பிம்பத்தையும் வைத்துப் பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். நொடிக்கு அறுபது தடவை பதியும் கருவியும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் பதிவதும் உண்டு. தொடங்குமுன் திரையின் மூலைகளில் வரும் புள்ளிகளை நாலைந்து தடவை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் சிரமம்.

நடுவில் ஒரு ரஷ்யரைத் தாண்டிப் போக மனமில்லை. ஆல்ஃபிரட் யார்பஸ், இல்யா ரேப்பின் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை ஒரே ஆளிடம் பலமுறை காட்டினார். நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழையும் காட்சி அது. ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி. இவர்களுக்கு என்ன வயதிருக்கும்? குடும்பத்தின் வசதி எப்படி? வந்தவர் எத்தனை காலம் வெளியே இருந்திருப்பார்? வயதைக் கேட்டால் கண் முகங்களிலேயே சுற்றியது. வசதியைக் கேட்டால் நாற்காலி, துணிமணி, சுவர் என்று மேய்ந்தது. படம் ஒன்று, ஆள் ஒன்று, பாதை மட்டும் வேறு. 1967இல் அவர் நூல் ஆங்கிலத்தில் வந்தது. கண் போகும் வழியைப் பார்த்தால் மனதில் ஓடும் கேள்வி தெரியும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கோட்டுப் படங்கள்தான் அடித்தளம். நிரலைப் படிப்பவரின் கண்ணை அளக்கலாம் என்ற யோசனையும் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1990இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மார்த்தா கிராஸ்பியும் யான் ஸ்டெலோவ்ஸ்கியும் அதைச் செய்து காட்டினார்கள். படிக்கக் கொடுத்தது பாஸ்கல் மொழியில் எழுதிய 'பைனரி சர்ச்' நிரல். அகராதியில் சொல் தேடும்போது நடுவில் பிரித்து, முன்னேயா பின்னேயா என்று பார்த்துப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவோமே, அதே உத்தி. அனுபவமுள்ளவர்கள் சிக்கலான வரிகளில் கூடுதல் நேரம் நின்றார்கள். புதியவர்கள் நிரலுக்கு இடையே சாதாரண மொழியில் எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியில்லை. குறிப்பு என்பது நிரல் என்ன செய்யவேண்டும் என்று எழுதியவர் ஆசைப்பட்டதைச் சொல்கிறது. நிரல் என்ன செய்கிறது என்பதை நிரல்தான் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஜப்பானில் நடந்தது. நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹிடெடாகே உவானோவும் உடனிருந்தவர்களும் 2006இல் வெளியிட்டது. பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. ஐந்து முதுநிலை மாணவர்கள், சி மொழியில் ஆறு குட்டி நிரல்கள், ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே வைத்த ஒரே ஒரு பிழை. கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணைப் பின்தொடர்ந்தார்கள்.

அவர்கள் கண்ட முதல் சங்கதி, கண் நேரே வேட்டைக்குப் போவதில்லை. முதலில் மேலிருந்து கீழே வரை ஒரு நடை போய்வருகிறது. புது ஊருக்கு வந்தவர் பையை வைத்துவிட்டுத் தெருக்கோடி வரை ஒருமுறை நடந்துவிட்டு வருவதுபோல. மொத்த நேரத்தில் முதல் 30 சதவீதத்துக்குள்ளேயே சுமார் 70 சதவீத வரிகளில் பார்வை பட்டுவிட்டது. அதன்பிறகுதான் சந்தேகப்பட்ட இடங்களில் போய் நின்றார்கள். யார் இந்த முதல் நடையை அவசரமாக முடித்தார்களோ, அவர்களுக்குப் பிழையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடித்தது. போனிடா ஷெரீஃபும் சகாக்களும் அமெரிக்காவில் பதினைந்து பேரை வைத்து இதைத் திரும்பச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். அங்கேயும் முதல் நடைக்கு நேரம் கொடுத்தவர்கள்தான் பிழையைச் சீக்கிரம் பிடித்தார்கள்.

நாராக்காரர்கள் கண்ட இன்னொன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஐந்து எண்களின் சராசரியைக் கணக்கிடும் நிரல் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே 'மொத்தம்' என்று ஒரு மாறி, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் இடம், அறிவிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப், ஒவ்வோர் எண்ணாக வாங்கி மொத்தத்தோடு கூட்டுகிறது. கடைசியில் ஐந்தால் வகுத்து அச்சிடுகிறது. படிப்பவரின் கண் லூப்புக்குள் 'மொத்தத்தோடு கூட்டு' என்ற வரிக்கு வருகிறது. அங்கே நிற்கிறது. சட்டென்று ஆறேழு வரி மேலே பாய்கிறது, அறிவிப்பு வரிக்கு. தொடக்கத்தில் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்களா? திரும்ப லூப்புக்கு. மறுபடியும் மேலே. இந்தப் பின்பாய்ச்சல்தான் அவர்கள் தனியாகப் பெயரிட்டுக் குறித்த அசைவுகளில் ஒன்று. மாறி ஒன்றைச் சந்தித்ததும் அது பிறந்த இடத்துக்கோ, கடைசியாகப் பயன்பட்ட இடத்துக்கோ கண் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வருகிறது. கடன் கேட்டு வருகிறவனைப் பற்றி அவன் சொந்த ஊரில் விசாரிப்பதுபோல.

ஒரு சிறுகதையை இப்படிப் படித்தால் பைத்தியம் பிடித்துவிடும். நிரலை வேறு எப்படியும் படிக்க முடியாது. காகிதத்தில் மேலிருந்து கீழே எழுதியிருந்தாலும், ஓடும்போது அது அந்த வரிசையில் ஓடுவதில்லை. லூப்பில் சுற்றும், நிபந்தனையில் கிளை பிரியும், ஃபங்ஷன் என்னும் இன்னொரு நிரல்துண்டுக்குள் போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும். 2015இல் டெரேசா புஸ்யானும் சகாக்களும் பதினான்கு புதியவர்களையும் ஆறு கைதேர்ந்தவர்களையும் வைத்து இதைத்தான் அளந்தார்கள். நிரலைக் கற்கத் தொடங்கிய மாணவர்களே, உரைநடையைப் படிப்பதைவிட நிரலை வரிசை குலைத்துத்தான் படித்தார்கள். கைதேர்ந்தவர்கள் இன்னும் அதிகம் குலைத்தார்கள். எழுதிய வரிசையை விட்டுவிட்டு, ஓடும் வரிசையைத் தேடிப் போகிற கண் அது. நிரல் எழுதப் பழக்கும்போது 'முதல் வரியிலிருந்து வாசி' என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். இப்போது 'எங்கே தொடங்கும் என்று தேடு' என்று சொல்கிறேன்.

கைதேர்ந்தவர்கள் தாவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்கு அடையாளங்கள் தெரியும். 'அ'வில் இருப்பதைத் தற்காலிகமாக ஓரிடத்தில் வை, 'ஆ'வில் இருப்பதை 'அ'வுக்கு மாற்று, தற்காலிகத்தில் இருப்பதை 'ஆ'வில் போடு. இந்த மூன்று வரியை ஒரு லூப்புக்குள் பார்த்தாலே பழகியவர் 'ஓ, வரிசைப்படுத்துகிறான்' என்று முடிவுகட்டிவிடுவார். 1980களிலேயே ஆய்வாளர்கள் இதற்குப் 'பீக்கன்' என்று பெயர் வைத்தார்கள், கலங்கரை விளக்கு என்ற பொருளில். மிச்ச வரிகளைப் படிக்கத் தேவையில்லை. ஆபத்தும் அங்கேதான். மூன்று வரியில் ஒன்று இடம் மாறியிருந்தாலும் 'வரிசைப்படுத்துகிறான்' என்றே மூளை வாசித்துவிடும்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். பழைய அச்சகங்களில் மெய்ப்பு பார்க்க இரண்டு பேர் உட்கார்வார்கள். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். ஏன் இரண்டு பேர்? தனியாக உட்கார்ந்தால் கதை உள்ளே இழுத்துவிடும். இழுத்துவிட்டால் எழுத்து தெரியாது, அர்த்தம்தான் தெரியும். எழுதியவரிடம் மெய்ப்பைக் கொடுக்காதே என்ற வழக்கமும் இதனால்தான். அவருக்குத் தாளில் இருப்பது தெரியாது, தன் மனதில் இருப்பதுதான் தெரியும்.

சரி, கண் அந்த வரியில் பட்டது என்று கருவி சொல்லிவிட்டால் ஆள் அதைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தமா? இங்கே நிரலை விட்டுவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போகவேண்டியிருக்கிறது. நுரையீரல் படத்தில் கட்டியைத் தவறவிடும் மருத்துவர்களின் கண்ணை 1970களிலேயே ஹெரால்டு குண்டலும் கால்வின் நோடைனும் ஆராய்ந்து, தவறுகளை மூன்றாகப் பிரித்தார்கள். கண் அந்த இடத்துக்கே போகாதது ஒன்று. போயும் அடையாளம் தெரியாமல் நகர்ந்துவிட்டது இன்னொன்று. போய், நின்று, யோசித்து, 'ஒன்றுமில்லை' என்று தீர்ப்பளித்தது மூன்றாவது. முதலாவதை மட்டும்தான் கவனக்குறைவு என்று சொல்லமுடியும்.

2013இல் வெளியான ட்ராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் ஆகியோரின் சோதனை இன்னும் கூத்து. நுரையீரல் ஸ்கேன் படங்களுக்குள் ஒரு குரங்கின் படத்தைச் செருகிவைத்தார்கள். கொரில்லா! தேடச் சொன்ன கட்டியின் சராசரி அளவைப்போல 48 மடங்கு பெரியது. இருபத்து நான்கு கதிரியக்க மருத்துவர்களில் இருபது பேர் அதைக் கவனிக்கவில்லை. அந்த இருபது பேரில் பன்னிரண்டு பேரின் பார்வை நேரே குரங்கின்மேலேயே விழுந்திருந்தது. அவர்கள் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள், குரங்கைத் தேடவில்லை. இரட்டைப் பிள்ளை மாதிரி நின்ற அந்தக் 'கோ டு ஃபெயில்' வரியை எத்தனை கண்கள் தொட்டுவிட்டுப் போயிருக்குமோ என்று இதைப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன்.

இதைவிட மோசமான பிழை இனம் ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிவந்து இணையத்தையே உலுக்கியது. அந்த ஓட்டை இருந்த நிரல் 2011 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே போயிருந்தது. பிழை என்ன? ஒரு கணினி, 'இதோ ஒரு சொல், இத்தனை எழுத்து நீளம், எனக்கே திருப்பி அனுப்பு' என்று கேட்கும். சொன்ன நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கவேண்டிய வரி எழுதப்படவே இல்லை. நாலு எழுத்துச் சொல்லைக் கொடுத்துவிட்டு ஆயிரக்கணக்கான எழுத்து என்று பொய் சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த அடுத்தவர் ரகசியங்களையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். இல்லாத வரியில் கண் எப்படி நிற்கும்? இங்கே பார்வை பட்ட வரிகளின் பட்டியலால் பயனில்லை. நீளத்தை வாங்கிய வரிக்கும் அதைப் பயன்படுத்திய வரிக்கும் நடுவே கண் போய்வந்ததா என்பதுதான் கேள்வி. நாரா மாணவர்களின் பின்பாய்ச்சலுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது அதனால்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி, போகிற போக்கில். இரண்டு மூன்று சொற்களை ஒட்டி மாறிக்குப் பெயர் வைக்கும்போது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்குவதா, நடுவில் அடிக்கோடு போடுவதா என்று நிரலாளர்களுக்குள் சம்பந்திச் சண்டை அளவுக்கு நடக்கும். 2010இல் ஷெரீஃபும் ஜொனாதன் மேலெடிக்கும் கண்ணை வைத்தே அளந்தார்கள். சரியாக இனங்காண்பதில் இரண்டும் ஒன்றுதான், வேகத்தில் அடிக்கோடு முந்தியது. சண்டை ஓய்ந்ததா? இதைக் கேட்கவும் வேண்டுமா!

கண் வேறொரு ரகசியத்தையும் போட்டு உடைத்துவிடுகிறது. நிரலைப் படிப்பவர் நிரலை மட்டுமா பார்க்கிறார்? வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெனே ஃபோர்டும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. திறந்த மென்பொருள் திட்டங்களில் முன்பின் தெரியாத யாரோ ஒரு மாற்றத்தை அனுப்புவார். ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் பக்கத்தில் அவருடைய பெயர், படம், முன்பு செய்த வேலைகள் எல்லாம் இருக்கும். பார்வை நின்ற நேரத்தில் சராசரியாக 57 சதவீதம்தான் நிரலுக்குக் கிடைத்தது. 32 சதவீதம், ஆள் முன்பு என்னென்ன செய்திருக்கிறார் என்பது போன்ற தகவல்களுக்கு. பெயர், படம் முதலிய சமூக அடையாளங்களை, பிறகு கேட்டபோது தாங்கள் பார்த்ததாகச் சொன்னதைவிட அதிகமாகவே பார்த்திருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கண் போய்வந்த இடமெல்லாம் கண்ணின் சொந்தக்காரருக்குத் தெரிவதில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யு ஹுவாங், வெஸ்ட்லி வைமர் குழுவினர் 2020இல் இன்னும் ஒரு படி போனார்கள். முப்பத்தேழு பேரை மூளை ஸ்கேன், கண் நோக்குக் கருவி இரண்டையும் வைத்துச் சோதித்தார்கள். ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யவேண்டிய மாற்றங்களில் சிலவற்றை ஆண் எழுதியது என்றும், சிலவற்றைப் பெண் எழுதியது என்றும், சிலவற்றை இயந்திரம் எழுதியது என்றும் சொல்லிக் காட்டினார்கள். அந்தப் பெயர்ச்சீட்டுகள் உண்மையல்ல, ஆய்வாளர்களே ஒட்டியவை. பெண் பெயர் ஒட்டியவற்றைப் படிக்கக் குறைவான நேரம் செலவானது. இயந்திரப் பெயர் ஒட்டியவை குறைவாகவே ஏற்கப்பட்டன. படித்தவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு, இருசாராரும் இதற்கு விதிவிலக்கில்லை. பெண் எழுதியதைச் சீக்கிரம் படித்துவிடுவது அவளை நம்புவதாலா, பொருட்படுத்தாததாலா என்பதை நேரம் மட்டும் சொல்லாது. எதுவானாலும் பிழைக்கு அது வசதிதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. ஐந்து பேர், பதினைந்து பேர், இருபது பேர், அதிலும் பெரும்பாலும் மாணவர்கள் என்ற அளவில்தான் இந்த ஆய்வுகளில் பல நடந்திருக்கின்றன. நிரலும் ஒரு திரைக்குள் அடங்கும் குட்டி நிரல். பல ஆய்வுகளில் அதைப் படமாகவே காட்டினார்கள், உருட்டக்கூட முடியாது. அலுவலகத்தில் யாரும் இருபது வரியைப் படித்துச் சம்பளம் வாங்குவதில்லை. பத்துக் கோப்புகளுக்குள் ஓடி, தேடி, திரும்பி, நடுவில் வந்த போனுக்குப் பதில் சொல்லித்தான் படிக்கிறோம்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2014இல் பெய்ஜ் ரொடெகெரோவும் உடனிருந்தவர்களும் பத்து நிரலாளர்களைச் சிறுசிறு ஜாவா நிரல்களைப் படித்துச் சுருக்கம் எழுதச் சொன்னார்கள். கண் அதிகம் நாடியது ஃபங்ஷனின் தலைப்பு வரியை, அதாவது அதன் பெயரும் அது வாங்கும் பொருட்களும் இருக்கும் வரியை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதற்குள் ஷெரீஃப் தரப்பினர் 'ஐடிரேஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். நிரலாளர் தன் வழக்கமான எடிட்டரில் உருட்டினாலும், கோப்பு மாறினாலும், பார்வை எந்தக் கோப்பின் எந்தச் சொல்லில் விழுகிறது என்று அது சொல்லிவிடும். அதைக்கொண்டு பதினெட்டுப் பேரை முழுத் திட்டத்துக்குள் உலாவவிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில் முடிவு தலைகீழ். கண் தலைப்பு வரியைவிட உடல் பகுதியில்தான் அதிகம் இருந்தது. ஃபங்ஷன் பெரிதாகப் பெரிதாக அனுபவசாலிகள் உடலுக்கே திரும்பத் திரும்பப் போனார்கள். கூண்டில் வைத்துப் பார்த்த கிளிக்கும் தோப்பில் பார்த்த கிளிக்கும் உள்ள வித்தியாசம். சிறிய எண்ணிக்கை என்ற குறையையும் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பதினொரு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து 216 பேரின் கண் பதிவுகளைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம் என்று பொதுவில் வைத்திருக்கின்றன.

ஆய்வகத்துக்கு வெளியே இது என்னவாகும் என்பதில்தான் எனக்குப் பயம். 2014இல் தாமஸ் ஃப்ரிட்ஸ், ஆண்ட்ரூ பெகல் முதலியோர் பதினைந்து தொழில்முறை நிரலாளர்களிடம் கண், தோலின் ஈரம், மூளை அலை மூன்றையும் அளந்து, செய்துகொண்டிருக்கும் வேலை அவருக்குக் கடினமாயிருக்கிறதா என்று கணிக்க முயன்றார்கள். ஓரளவுக்கு முடிந்தது. திணறும் நேரத்தில் பிழை நுழையும், அதற்கு முன்பே ஆளைத் தடுத்து நிறுத்தலாம் என்பது அவர்கள் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சுட்டெலி அசைகிறதா என்று வேவு பார்க்கும் மென்பொருளைப் போட்ட மேலாளர்களையும், அதை ஏமாற்றத் தானாக அசையும் சுட்டெலி வாங்கிவைத்த ஊழியர்களையும் இந்தத் துறை பார்த்துவிட்டது. 'உங்கள் பார்வை நேற்று 43 வரிகளில் படவே இல்லை' என்று ஒரு மின்னஞ்சல் வரும் காலத்தை என்னால் சுலபமாகக் கற்பனை செய்யமுடிகிறது. அன்றைக்கு எல்லோரும் எல்லா வரியிலும் கால் நொடி கண்ணை வைத்துவிட்டுப் போவார்கள். குரங்கு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இன்று நிரலின் பெரும்பகுதியை இயந்திரமே எழுதித் தரும் இடங்கள் பெருகிவருகின்றன. மனிதனுக்கு மிஞ்சுவது படிப்பது. 2020இல் இயந்திரப் பெயரைப் பார்த்ததும் முகம் சுளித்தவர்கள், இப்போது அது எழுதிய முந்நூறு வரியை மூன்று நிமிடத்தில் ஏற்றுக்கொள்வதை நான் பார்க்கிறேன். அது எழுதும் நிரல் பார்வைக்கு அழகாக இருக்கிறது. உள்ளே தள்ளியது ஒழுங்காக, பெயர்கள் பொருத்தமாக, எல்லா விளக்கும் எரிகிற கலங்கரை. பழகிய கண் வழுக்கிக்கொண்டு போக இதைவிட நல்ல தரை கிடையாது. நான் செய்வது ஒன்றுதான். எதையும் சந்தேகப்படாமல் மேலிருந்து கீழே ஒரு நடை போய்வருகிறேன். பிறகு ஒவ்வொரு மாறியையும் அது பிறந்த வீட்டில் போய் விசாரிக்கிறேன். நாராவிலிருந்து கிடைத்த பழக்கம். மெதுவாகத்தான் ஆகிறது.

இப்படிப் படிக்கும்போது என்னை நானே கவனித்ததில் ஒன்று தெரிந்தது. பிழை அகப்படும் நேரத்தில் நான் பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு வரி நெருடும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயும். அப்போதுதான், 'அந்த நீளத்தை யார் சரிபார்த்தார்கள்?' என்று தோன்றும். கண் நோக்குக் கருவியைப் பொறுத்தவரை அது ஆள் காணாமல்போன நேரம். பார்வை திரையைவிட்டு விலகினால் அதற்குப் பதிய ஒன்றுமில்லை. கோப்பில் அந்த நொடிகளுக்கு எதிரே கட்டங்கள் வெறுமையாக இருக்கும். ஆய்வாளர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்குமுன் அவற்றை ஒதுக்கித் துடைத்துவிடுவது வழக்கம்.